டிஎஸ்எச் 7.4, எஃப்டி4 வரம்புக்குள்: இதயத்தை முன்னிட்டு மாத்திரை தொடங்கலாமா?

வெண்பனி
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வயது 47, பெண். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்ட, மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) 7.4. எஃப்டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு) 1.1 (ஆய்வகம் தந்த வரம்பு 0.9 முதல் 1.7 வரை). எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 152. ரத்த அழுத்தம் 128/88. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, கர்ப்பம் இல்லை. தைராய்டு லேசாகக் குறைந்தாலும் இதயத்தைப் பாதிக்கும், உடனே தைராய்டு ஹார்மோன் மாத்திரை போடு என்கிறார்கள் சிலர். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டும்வரை எதுவும் வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். இந்த எண்களுக்கு எது பொருந்தும்?

நாளமில்லி
ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து இரண்டு பக்கமும் பேச முடியாது. 2 அல்லது 3 மாதம் கழித்து டிஎஸ்எச், எஃப்டி4 இரண்டையும் மறுபடி பாருங்கள். கூடவே டிபிஓ எதிர்ப்பொருளையும் (சொந்தத் தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்குவது) ஒரு முறை பாருங்கள். 7-க்குக் கீழே நிற்கும் டிஎஸ்எச் பலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே இறங்கிவிடும். 7.4 அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

டிஎஸ்எச் ஏறியும் எஃப்டி4 ஏன் சரியாக இருக்கிறது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். இந்த இரண்டும் நேர்க்கோட்டில் நகர்வதில்லை. எஃப்டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் கிட்டத்தட்ட 100 மடங்கு ஏறும். பிட்யூட்டரி அவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறது. இன்னொன்று, ஆய்வகம் அச்சிடும் வரம்பு ஆயிரக்கணக்கானவர்களுடையது. ஒரு தனி ஆளின் எஃப்டி4 அதைவிட மிகக் குறுகிய எல்லைக்குள்தான் ஆடும். ஒருவருக்கு வழக்கமாக 1.4 இருந்து இப்போது 1.1 ஆகியிருந்தால் அறிக்கை 'இயல்பு' என்றுதான் சொல்லும். பிட்யூட்டரி மட்டும் ஒத்துக்கொள்ளாது. லேசான தைராய்டு குறைபாடு என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

எதிர்ப்பொருள் எதற்கு என்றால், முன்கணிப்புக்கு. இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை 20 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், டிஎஸ்எச் உயர்வும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3% பேர் முழுக் குறைபாட்டுக்கு (எஃப்டி4-உம் வரம்புக்குக் கீழே போகும் நிலை) போனார்கள். டிஎஸ்எச் மட்டும் உயர்ந்திருந்தவர்களில் 2.6%. எதிர்ப்பொருள் ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதன் அளவை மாதாமாதம் அளந்து பார்ப்பதில் பயன் இல்லை.

ஆய்வகமேசை
மறுபடி எடுக்கும்போது அதே ஆய்வகம், அதே நேரம். டிஎஸ்எச் பின்னிரவில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் தாழும். முதல் மாதிரியை மாலை 4 மணிக்கும் இரண்டாவதைக் காலை 7 மணிக்கும் வெறும் வயிற்றிலும் கொடுத்துவிட்டு 'ஏறிவிட்டதே' என்று கவலைப்படுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு கடிகாரத்தினுடையது.

வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். கடுமையான காய்ச்சல், அறுவை, மருத்துவமனைவாசம் முடிந்து உடல் தேறும் வாரங்களில் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும், சிலருக்கு 20 வரைகூட. எனவே தேறிய பிறகு குறைந்தது 6 வாரம் விட்டு எடுங்கள். மனநல மருந்தான லித்தியம், இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் இரண்டும் டிஎஸ்எச்சை ஏற்றும். அமியோடரோனின் எடையில் 37% அயோடின்தான், 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின். தொடங்கிய முதல் 3 மாதத்தில் ஏறும் டிஎஸ்எச் பெரும்பாலும் தானே சரியாகும். உடல் எடை மிக அதிகமாக இருந்தாலும் டிஎஸ்எச் சற்று மேலே நிற்கும், எடை குறையும்போது இறங்கும். அது சுரப்பியின் நோய் அல்ல.

முடி, நகத்துக்காகச் சாப்பிடும் பயோட்டின் எதிர்ப்பக்கம் இழுக்கும். பயோட்டினைப் பயன்படுத்தும் பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் எஃப்டி4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். நிஜமான குறைபாடு அப்படி ஒளிந்துகொள்ளும். 5, 10 மி.கி. அளவில் எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

டிஎஸ்எச் மட்டும் விடாமல் உயர்ந்து, எஃப்டி4 நடுவரம்பில் அசையாமல், உடலில் ஒரு குறியும் இல்லாமல் இருந்தால் மேக்ரோ டிஎஸ்எச்சை நினையுங்கள். டிஎஸ்எச் மூலக்கூறு எதிர்ப்பொருளோடு ஒட்டிப் பெரிதாகி ரத்தத்திலேயே தங்கிவிடும், வேலை எதுவும் செய்யாது. அரிது, ஆனால் இதற்கு மாத்திரை கொடுத்தால் வீண்.

இதயச்சுவர்
பரிசோதனைப் பக்கம் தெளிவாகிவிட்டது. இதயத்துக்கு ஏன் இது ஒரு பொருட்டு என்பதை நான் எழுதுகிறேன்.

இதயத் தசை தனக்கு வேண்டிய டி3-ஐ (செல்லில் வேலை செய்யும் தைராய்டு ஹார்மோன்) உள்ளே பெரிதாகத் தயாரிப்பதில்லை, ரத்தத்தில் வருவதையே நம்பியிருக்கிறது. அதனால் ரத்த டி3-யின் சிறு சரிவும் அதற்கு உறைக்கும். டி3 செல்லுக்குள் போய் சில மரபணுக்களை முடுக்கும். அவற்றுள் முக்கியமானது செர்கா2. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கால்சியத்தைத் திருப்பி உள்ளே இழுத்துச் சேமிக்கும் பம்பு அது. கால்சியம் விரைவாக விலகினால்தான் தசை விரைவாகத் தளரும். டி3 குறைந்தால் பம்பு மந்தமாகும், அதற்குத் தடைபோடும் பாஸ்போலாம்பன் என்ற புரதம் கூடும். ஆகவே லேசான குறைபாட்டில் முதலில் தெரிவது இதயம் சுருங்குவதில் குறை அல்ல, தளர்ந்து நிரம்புவதில் தாமதம். எக்கோவில் டயஸ்டாலிக் செயல்குறைவு என்று எழுதுவார்கள். ஓய்வில் தெரியாது, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும்.

அடுத்தது ரத்தக்குழாய். டி3 தமனிச் சுவரின் தசையைத் தளர்த்தும், உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் துணை நிற்கும். குறைந்தால் குழாய் இறுகும், சிறு தமனிகளின் தடை கூடும். அதனால்தான் இதில் கீழ் எண் ஏறும் ரத்த அழுத்தம் அதிகம் தென்படும். கேள்வியில் உள்ள 128/88-ஐப் பாருங்கள், மேல் எண் அடங்கியிருக்கிறது, கீழ் எண் மேலே நிற்கிறது. இது தைராய்டால்தான் என்று ஒரு அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து 5 நிமிடம் ஓய்வெடுத்த பின் அளந்த சராசரி வேண்டும்.

மூன்றாவது கல்லீரல். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கை டி3-ஐப் பொறுத்தது. ஏற்பி குறைந்தால் எல்டிஎல் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும்.

வெண்பனி
இவ்வளவு இருந்தும் ஏன் கருத்து வேறுபாடு? ஆபத்து எண்ணிக்கையில் எவ்வளவு?

நாளமில்லி
2010-இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வுதான் இன்றைக்கும் அடித்தளம். 11 ஆய்வுக்குழுக்கள், 55,287 பேர். டிஎஸ்எச் அளவு வாரியாகப் பிரித்தார்கள். தைராய்டு இயல்பாக உள்ளவர்களோடு ஒப்பிட்டால்:

4.5 முதல் 6.9 வரை: மாரடைப்பு முதலான இதயத்தமனி நிகழ்வுகள் கூடவே இல்லை, 1.00 மடங்கு.
7 முதல் 9.9 வரை: நிகழ்வுகள் 1.17 மடங்கு, இதில் புள்ளியியல் உறுதி இல்லை. இதயத்தமனி நோயால் மரணம் 1.42 மடங்கு, இதில் உறுதி உண்டு.
10 முதல் 19.9 வரை: நிகழ்வுகள் 1.89, மரணம் 1.58.

இதயச் செயலிழப்பும் அப்படியே. 2012-இல் 25,390 பேரை வைத்துச் செய்த தொகுப்பில் 10-க்கு மேல் 1.86 மடங்கு. 10 என்ற எல்லை இந்த எண்களில் வேர் உள்ளது, யாரோ வசதிக்காகப் போட்ட கோடு இல்லை.

ஆனால் மடங்கை மட்டும் பார்த்து அஞ்சாதீர்கள். ஒருவருக்குப் பத்தாண்டில் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 100-இல் 1 என்று வையுங்கள். 1.42 மடங்கு என்றால் அது 1.4 ஆகும், அவ்வளவுதான். அதே ஆள் புகைப்பவராகவும் சர்க்கரை நோயாளியாகவும் இருந்து அடிப்படை 10 என்றால் 14 ஆகும். அதே டிஎஸ்எச்தான், ஆனால் இருவருக்கும் எடுக்கும் முடிவு வேறு.

நிதானம்
எண்கள் சரி. ஆனால் தொடர்பு இருப்பதும், மாத்திரை கொடுத்தால் அது நீங்குவதும் வேறு வேறு. எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். 2017-இல் வந்த டிரஸ்ட் ஆய்வைப் பாருங்கள். 65-ம் அதற்கு மேலும் வயதான 737 பேர், சராசரி டிஎஸ்எச் 6.4. பாதிப் பேருக்கு லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை, சுருக்கமாகத் தைராக்சின்), பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஓராண்டில் மருந்துக் குழுவில் டிஎஸ்எச் 3.63-க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 5.48. சோர்வோ தைராய்டு அறிகுறிகளோ இரு குழுவிலும் வேறுபடவில்லை. எண் திருந்தியது, ஆள் திருந்தவில்லை. இதை ஒட்டி 2019-இல் பிஎம்ஜே இதழின் வழிகாட்டல் குழு, லேசான குறைபாட்டுக்கு வழக்கமாகத் தைராய்டு ஹார்மோன் தர வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. 20-க்கு மேல் டிஎஸ்எச், கடும் அறிகுறி, கர்ப்பம் அல்லது கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், 30 வயதுக்குக் கீழுள்ளவர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாது.

மாரடைப்பு வந்தவர்களிடமே முயன்று பார்த்ததும் உண்டு. 2020-இல் வெளியானது, 95 பேர், 52 வாரம். இடது கீழறையின் வெளியேற்றத் திறன் கூடவில்லை.

இதயச்சுவர்
நிதானம், டிரஸ்ட்டை இந்தக் கேள்விக்கு அப்படியே நீட்ட முடியாது. அது 65 வயதைத் தாண்டியவர்களின் ஆய்வு, கேட்பவருக்கு 47. அதில் 10-ஐத் தாண்டியவர்கள் சொற்பம், அறிகுறி உள்ளவர்களும் குறைவு. மாரடைப்பு, இறப்பு போன்றவற்றில் வேறுபாடு கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆள் சேரவில்லை என்று அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். 'இதயத்துக்குப் பயனில்லை என நிரூபணம்' என்று அதை எடுத்துக்காட்டுவது தவறு.

பிரிட்டனின் குடும்ப மருத்துவப் பதிவுகளை வைத்து 2012-இல் வந்த ஆய்வில் டிஎஸ்எச் 5 முதல் 10 வரை உள்ளவர்களைப் பார்த்தார்கள். 40 முதல் 70 வயதுக்காரர்களில் லெவோதைராக்சின் எடுத்தவர்களுக்கு இதயத்தமனி நிகழ்வுகள் 0.61 மடங்காகக் குறைந்தன. 70-ஐத் தாண்டியவர்களிடம் 0.99, அதாவது வேறுபாடே இல்லை. வயதுதான் இங்கே திருப்பம்.

நிதானம்
பதிவேட்டு ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். யாருக்கு மருந்து கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. மருந்து வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுபவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார். கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும் அந்தச் சாய்வு கொஞ்சம் மிஞ்சும். 0.61 நம்பிக்கை தருகிறது, மருந்துச் சீட்டு எழுத அது மட்டும் போதாது. வயதைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நாளமில்லி
இருவரும் சொல்வதைச் சேர்த்துத்தான் நடைமுறை அமைந்திருக்கிறது. மறுபரிசோதனையிலும் 10-க்கு மேல் என்றால், 70 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தொடங்குவோம். 10-க்குக் கீழ், அறிகுறி தெளிவாக இருந்தால் ஒரு சோதனைக் காலம். டிஎஸ்எச் வரம்புக்குள் வந்த பிறகு 3 முதல் 4 மாதம் கவனித்து, எதுவும் மாறவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். இந்த நிறுத்தும் பகுதியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. 'ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க' என்ற எண்ணம் முழுக் குறைபாட்டுக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

70, 80 வயதில் கோடே நகர்ந்துவிடும். நோயில்லாத 80 வயதுக்காரர்களின் மேல்வரம்பே 7.5-ஐ ஒட்டி வருகிறது. அந்த வயதில் 6.8-ஐக் கண்டு மாத்திரை எழுதுவது நோய்க்கு அல்ல, வயதுக்கு மருந்து கொடுப்பது. நெதர்லாந்தின் லெய்டனில் 85 வயதானவர்களைப் பின்தொடர்ந்தபோது, டிஎஸ்எச் உயர்ந்திருந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகவே கண்டார்கள்.

வெண்பனி
எல்டிஎல் 152? தைராய்டைச் சரிசெய்தால் அது தானாக இறங்குமா, இல்லை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து தனியாக வேண்டுமா?

இதயச்சுவர்
முழுக் குறைபாட்டில் நன்றாக இறங்கும். அங்கே முதலில் தைராக்சின், பிறகு மறுபடி கொழுப்பு அளவு, அதன் பின்தான் ஸ்டாட்டின் பேச்சு. லேசான குறைபாட்டில் எதிர்பார்க்கக்கூடியது சராசரியாக 10 மி.கி. அளவு சரிவு. 152 என்பது 142 ஆகும். மிதமான அளவு ஸ்டாட்டின் ஒன்று 30% முதல் 49% வரை குறைக்கும். எல்டிஎல்லுக்காக மட்டும் தைராக்சின் தொடங்குவது பலவீனமான காரணம். மொத்த ஆபத்தைக் கணக்கிட்டு (வயது, அழுத்தம், சர்க்கரை, புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு) ஸ்டாட்டின் வேண்டுமா என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள். டிஎஸ்எச் 7-ஐக் காரணம் காட்டி அதை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். தைராய்டு குறைந்த தசை ஸ்டாட்டினால் எளிதில் நோகும், சிகே (தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதி) ஏறும். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவருக்குப் புதிதாகத் தசைவலி வந்தால் மருந்தை மாற்றும் முன் டிஎஸ்எச் பாருங்கள்.

மருந்துப்பெட்டி
தொடங்குவது என்று முடிவானால் எப்படி என்பதை எழுதிவிடுகிறேன், பாதிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது.

முழுக் குறைபாட்டுக்கான கணக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். லேசானதற்கு அது அதிகம். சுரப்பி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, பற்றாக்குறையை மட்டும் நிரப்பினால் போதும். 25 முதல் 50 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். நெஞ்சுவலி, இதயநோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் 12.5 முதல் 25. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் பிடிக்கும், ஆகவே ஒரு அளவு நிலைபெற 6 வாரம் வேண்டும். 3-ஆம் வாரமே பரிசோதித்து 'இன்னும் இறங்கவில்லை' என்று கூட்டினால் பிறகு தாண்டிப் போகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை, 12.5 அல்லது 25 மட்டும் கூட்டுவது சரி.

காலை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், உணவுக்கும் காபிக்கும் 30 முதல் 60 நிமிடம் முன். முடியாதவர்கள் இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்; அவை வயிற்றிலேயே தைராக்சினைக் கட்டிப்போடும். அமிலம் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மருந்தை நீண்ட நாள் எடுத்தாலும் உறிஞ்சுதல் குறையும். அதற்கு இடைவெளி உதவாது, அளவைத்தான் சரிக்கட்ட வேண்டும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். விழுங்கிய சில மணி நேரம் எஃப்டி4 உயர்ந்து தெரியும். டிஎஸ்எச் உயர்ந்தும் எஃப்டி4 மேல்வரம்பைத் தொட்டும் ஒரே அறிக்கையில் வந்தால், பெரும்பாலும் மாதம் முழுக்க விட்டுவிட்டுக் கடைசி வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்ட கதைதான். அளவைக் கூட்ட வேண்டாம்.

இதய மருந்துகளில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினைக் கவனியுங்கள். தைராக்சின் ஏற ஏற உறைதல் காரணிகள் வேகமாகச் சிதையும், வார்ஃபரின் வீரியம் கூடும். தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) அடிக்கடி பார்க்காவிட்டால் ரத்தக்கசிவு வரும்.

நிதானம்
அளவு தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 2,007 பேரை 10 ஆண்டு பார்த்தார்கள். டிஎஸ்எச் 0.1-க்கும் கீழே அமுங்கியவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிப்பது) சுமார் 3 மடங்கு. அதிலிருந்து உறைகட்டி, அதிலிருந்து பக்கவாதம். எலும்பும் மெலியும். இதயத்தைக் காக்கப் போட்ட மாத்திரையே துடிப்பைக் குலைப்பது மிகவும் வருத்தமான விஷயம், முழுக்கத் தவிர்க்கக்கூடியதும்கூட. லேசான குறைபாடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கூட்டுவதாகத் தொகுப்பாய்வுகளில் தெரியவில்லை, கூட்டுவது அதிகச் சிகிச்சைதான். எடை குறையும் என்ற நினைப்பில் தானாக அளவைக் கூட்டிக்கொள்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நாளமில்லி
இன்னொரு பொறி. அட்ரீனல் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும் டிஎஸ்எச் ஏறும். எடை இழப்பு, தாழ் ரத்த அழுத்தம், சோடியம் குறைவு, தோல் கறுப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் கார்ட்டிசோல் (அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பார்க்காமல் தைராக்சின் தொடங்கக்கூடாது, உயிராபத்து.

வெண்பனியின் எண்களுக்கு வருவோம். 2 முதல் 3 மாதம் கழித்து டிஎஸ்எச், எஃப்டி4, டிபிஓ. இடையில் ரத்த அழுத்தச் சராசரி, எல்டிஎல்லை வைத்து மொத்த ஆபத்துக் கணக்கு. மறுபடி 7-க்கு மேல், எதிர்ப்பொருளும் உண்டு, சோர்வோ குளிர் தாங்காமையோ இருக்கிறது என்றால் 25 அல்லது 50 மைக்ரோகிராம் சோதனைக் காலத்துக்கு நான் ஆதரவு. எதிர்ப்பொருள் இல்லை, அறிகுறி இல்லை, 6 என்று இறங்கியிருந்தால் மாத்திரை வேண்டாம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கர்ப்பத்துக்கு முயலும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெண்பனி
தெளிவாகிவிட்டது, நன்றி. தொடங்கினால் எந்த அறிகுறிக்கு அடுத்த பரிசோதனைவரை காத்திருக்கக்கூடாது?

இதயச்சுவர்
நடக்கும்போது வந்து நின்றால் குறையும் நெஞ்சழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, ஓய்விலும் ஒழுங்கற்று அடிக்கும் துடிப்பு, படுத்தால் மூச்சுத்திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராக்சின் கூடும்போது இதயத்தின் ஆக்சிஜன் தேவையும் கூடும். அதுவரை வெளியே தெரியாத தமனி அடைப்பு அப்போதுதான் முகம் காட்டும். ஓரிரு நாள் மாத்திரை விடுபட்டால் டிஎஸ்எச்சுக்கு ஒன்றும் ஆகாது, 7 நாள் அரைவாழ்வு அதைத் தாங்கும். விட்டதைச் சேர்த்து மறுநாள் இரட்டையாகப் போடுவதை மட்டும் இதயநோய் உள்ளவர்கள் செய்யக்கூடாது.